துறையின் பாடத்திட்டத்தையும் நூற்பட்டியலையும் கணினியில் பராமரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தமிழ்த்துறையில் முதுகலைக்கு இப்போது நடப்பில் உள்ள பாடத்திட்டம் எது என்று கேட்டுப் பாருங்கள். துறைத் தலைவரின் கணினியில் ஒரு வேர்டு கோப்பு இருக்கும். கல்லூரி இணையதளத்தில் ஒரு பிடிஎஃப் இருக்கும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கையெழுத்திட்ட அச்சுப்படி, நூலகரிடம் எப்போதோ கொடுத்த ஜெராக்ஸ். நான்கும் ஒன்றாக இருந்தால் அது அதிர்ஷ்டம்தான். பெரும்பாலும் ஒன்றில் மூன்றாம் அலகு மாறியிருக்கும், இன்னொன்றில் பார்வை நூல்கள் பழையதாகவே இருக்கும்.

எல்லோரும் பிடிஎஃப்பை மூலம் என்று நினைப்பதால்தான் இப்படி ஆகிறது. மூலம் ஓர் அட்டவணையாக இருக்க வேண்டும். பிடிஎஃப், மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தின் பக்கம், நூலகத்துக்குப் போகும் கொள்முதல் பட்டியல் எல்லாம் அதிலிருந்து எடுக்கும் நகல்கள். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் உழைப்புதான், சிக்கல் இல்லை.

தமிழ்த்துறையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றுவதில் உள்ள தொல்லைகள் அங்கேதான் மொத்தமாகக் கிடைக்கும். வரலாறு, பொருளியல் துறைகளுக்கும் இதே வழி பொருந்தும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இந்த வேலைக்கென்றே டாலிஸ் ஆஸ்பயர், லெகான்டோ போன்ற மென்பொருள்களுக்குப் பணம் கட்டுகின்றன. நம் துறைகளின் பட்ஜெட்டுக்கு அவை எட்டாது. அவற்றின் அடிப்படை யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஆசிரியர் ஒரு நூலைப் பட்டியலில் சேர்க்கும்போதே அது கட்டாயமா, விருப்பமா என்று குறிக்கிறார், அந்தத் தகவல் நேரே நூலகத்துக்குப் போகிறது.

முதல் படி: இருப்பதை எல்லாம் சேர்த்துப் பூட்டுங்கள்

பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புதல் கொடுத்த படிகளை மட்டும் தேடிச் சேருங்கள். கூட்டக் குறிப்புகளோடு சேர்த்து ஸ்கேன் செய்து, யாரும் திருத்த முடியாதபடி ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கோப்பின் பெயரில் பாடக்குறியீடு, எந்த ஆண்டு ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை), ஒப்புதல் தேதி இருந்தால் போதும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ‘ஃபைனல்’, ‘புதியது’, ‘திருத்தியது’ போன்ற சொற்களுக்குக் கோப்புப் பெயரில் இடமே கொடுக்காதீர்கள்.

புதிய பாடத்திட்டம் வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று சிலர் அழித்துவிடுவார்கள். அரியர் வைத்திருக்கும் மாணவர் பழைய பாடத்திட்டப்படிதான் தேர்வு எழுதுவார். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013, 2017, 2021 என்று ரெகுலேஷன்கள் அடுத்தடுத்து வந்தபோதும் முந்தையதில் சேர்ந்தவர்கள் முந்தையதிலேயே எழுதினார்கள். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாடத்திட்டங்கள் உயிரோடு இருக்கும். வினாத்தாள் எடுப்பவர் கையில் தவறான படி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தேர்வு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: மூன்று அட்டவணைகள்

கூகுள் ஷீட்ஸ் போதும். லிப்ரே ஆபீஸ் கால்க் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். வேர்டில் போடும் டேபிள் மட்டும் உதவாது, அதில் வடிகட்டவும் முடியாது, எண்ணவும் முடியாது.

முதல் அட்டவணை தாள்களுக்கு. ஒரு தாளுக்கு ஒரு வரிசை: பாடக்குறியீடு, தாளின் பெயர், பருவம், கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஐந்து அலகுகளின் உள்ளடக்கம், எந்த பேட்ச் முதல் நடப்பு, எந்த பேட்சோடு முடிவு, ஒப்புதல் தேதி.

இரண்டாவது நூல்களுக்கு. ஒரு பதிப்புக்கு ஒரு வரிசை. ஏன் நூலுக்கு ஒன்று என்று சொல்லாமல் பதிப்புக்கு ஒன்று என்கிறேன் என்பதற்குக் கீழே வருகிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் நீங்களே ஒரு சிறிய எண் கொடுங்கள், ‘நூ0147’ என்பதுபோல. அந்த எண்ணை எப்போதும் மாற்றக் கூடாது.

மூன்றாவது அட்டவணைதான் பலருக்குத் தோன்றாதது. எந்த நூல், எந்தத் தாளில், எந்த அலகுக்கு, எந்தப் பகுதி, பாடநூலா பார்வை நூலா, கட்டாயமா விருப்பமா என்ற இணைப்பு மட்டும் இதில் இருக்கும். நூலின் பெயரை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை, எண்ணை மட்டும் போடுங்கள். ஒரே இலக்கண நூல் நான்கு தாள்களில் வந்தால் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரிசை, மூன்றாவதில் நான்கு. பதிப்பகத்தின் பெயரில் பிழை என்றால் ஒரே இடத்தில் திருத்தினால் நான்கு தாள்களிலும் சரியாகிவிடும். பெயரும் பதிப்பகமும் கூடவே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு, எண்ணைப் பார்த்து இரண்டாவது அட்டவணையிலிருந்து விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலா இருக்கிறது.

பாடத்திட்டம் மாறும்போது பழைய வரிசையைத் திருத்தாதீர்கள். அதில் ‘எந்த பேட்சோடு முடிவு’ என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே புதிய வரிசை சேருங்கள். 2022 பேட்ச் படித்தது என்ன என்று பத்து ஆண்டு கழித்து யாராவது சான்று கேட்டு வந்தாலும் ஒரு வடிகட்டலில் பதில் கிடைக்கும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பழைய மாணவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டு வருவது உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. நூலின் பன்னாட்டு அடையாளமான 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை எக்ஸெலில் அப்படியே ஒட்டினால் அது 9.78 என்று சுருங்கி நடுவே ஓர் ஆங்கில எழுத்தோடு நிற்கும். பழைய 10 இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். எண்ணை இடுவதற்கு முன்பே அந்தப் பத்தியை (நெடுவரிசையை) ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள். எண் சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கும் உண்டு: 13 இலக்கங்களையும் முறையே 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கம் தப்பு.

மூன்றாம் படி: எழுத்துருவைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய பாடத்திட்டங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பார்ப்பதற்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். அந்தக் கோப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை முடியாது. ‘கௌதமன்’ என்பதைப் பலர் ‘கெ’ போட்டு ‘ள’ போட்டுத் தட்டுகிறார்கள். ‘ஔவை’யை ‘ஒ’ போட்டு ‘ள’ போட்டு எழுதுவோர் அதைவிட அதிகம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஔவை. துரைசாமிப் பிள்ளையின் உரைகளைத் தேடினால் பாதி வரும், பாதி வராது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’, ‘எ’ வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு ஆகியவையும் இதே ரகம். ‘கொ’ போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு தொல்லை: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். இதை மட்டும் என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்கு தானாகவே சரிசெய்யும், பைதான் நிரல்மொழியில் ஒரே வரி வேலை. ‘ள’ பிழையை அது தொடாது. அதற்கு நீங்கள்தான் ‘ஒள’, ‘கெள’, ‘மெள’ என்று ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். கண்மூடித்தனமாக மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’, ‘ஒளிவு’ எல்லாம் கெட்டுப்போகும், கவனம்.

அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்ஸெலில் திறக்கும்போது தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. எக்ஸெலில் ‘டேட்டா’ பக்கம் போய் இறக்குமதி செய்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

நான்காம் படி: நூல் விவரங்களை சோட்டெரோவில் ஏற்றுங்கள்

நூல் விவரத்தை அட்டவணையிலேயே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். ஆனால் சோட்டெரோ இருக்கும்போது ஏன் சிரமப்பட வேண்டும்? ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் 2006இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது, நூல் விவரங்களைச் சேமித்து நூற்பட்டியலாக எடுத்துத் தரும். துறைக்கென ஒரு குழு நூலகம் தொடங்கி எல்லா ஆசிரியர்களையும் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தொகுப்பு, ஒவ்வொரு அலகுக்கும் ஒரு குறிச்சொல். ஒரே பதிவை எத்தனை தொகுப்பில் வேண்டுமானாலும் வைக்கலாம், நகல் உருவாகாது. இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 எம்பி இடம்தான். பிடிஎஃப்களை அதில் ஏற்றினால் சில வாரங்களில் நிறைந்துவிடும். விவரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு வரம்பு கிடையாது. துறையின் நூல் எண்ணை ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெட்டியில் போட்டுவிட்டால் அட்டவணைக்கும் இதற்கும் தொடர்பு விட்டுப்போகாது.

ஆங்கில நூல் என்றால் ஐஎஸ்பிஎன் கொடுத்தவுடன் விவரம் எல்லாம் வந்து விழும். தமிழ் நூலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தாலும், அமெரிக்க நூலகப் பட்டியல்களிலிருந்து ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளி கோடு போட்ட எழுத்துகளாக வரும். அதை அழிக்க வேண்டாம். தலைப்புப் பெட்டியில் தமிழில் எழுதிவிட்டு, ரோமன் வடிவத்தையும் ‘எக்ஸ்ட்ரா’வுக்கே நகர்த்துங்கள், வெளிநாட்டு நூலகங்களில் தேட உதவும்.

ஆசிரியர் பெயருக்கு ஒரே விதியை முதல் நாளே முடிவு செய்யுங்கள். சாமிநாதையர் என்பது குடும்பப் பெயருக்கான பெட்டியில், உ.வே. என்பது முதற்பெயருக்கான பெட்டியில். அப்படிப் போட்டால் நம் ஆய்வேடுகளில் வழக்கமாக எழுதும் ‘சாமிநாதையர், உ.வே.’ என்ற வடிவம் தானாகக் கிடைக்கும். முன்னெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதா இல்லையா என்பதையும் தீர்மானித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆசிரியர் இரண்டு பேராகப் பிரிவார். இளம்பூரணர், சேனாவரையர் போன்ற ஒற்றைப் பெயர்களுக்கும் நிறுவனப் பெயர்களுக்கும் ஒற்றைப் பெட்டி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உரையாசிரியருக்கென்று சோட்டெரோவில் தனி இடம் இல்லை. பங்களிப்பாளர் என்ற இடத்தில் போட்டால் பல மேற்கோள் முறைகளில் அச்சில் வராது. என் யோசனை: தலைப்பிலேயே ‘தொல்காப்பியம்: சொல்லதிகாரம், சேனாவரையர் உரை’ என்று எழுதுங்கள். பங்களிப்பாளர் பெட்டியிலும் பெயரைப் போடுங்கள், அது தேடலுக்கு.

இப்போது பதிப்பு விஷயம். ‘புறநானூறு’ என்று மட்டும் பாடத்திட்டத்தில் எழுதினால் மாணவர் எதைப் படிப்பார்? உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தது, பழைய உரையோடு. ஔவை. துரைசாமிப் பிள்ளையின் விரிவுரை வேறு. அதன் பிறகு வந்த எளிய உரைகள், மாணவர் பதிப்புகள் இன்னும் பல. பாட வேறுபாடும் உரை வேறுபாடும் வகுப்பில் பேசப்படும் விஷயங்கள்தானே, பட்டியலில் மட்டும் அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு மூன்றும் இல்லாத பதிவைப் பட்டியலில் ஏற்காதீர்கள். அதே காரணத்துக்காக, செவ்விலக்கியத்தில் எந்தப் பகுதி என்று குறிக்கும்போது பக்க எண்ணை விட்டுவிட்டுப் பாட்டெண்ணைக் கொடுங்கள். எந்தப் பதிப்பை எடுத்தாலும் 182ஆம் பாட்டு 182ஆம் பாட்டுதான். பதிப்பு மாறும் நூல்கள் எல்லாவற்றுக்கும் இயல், நூற்பா எண், அதிகாரம் என்று நூலுக்குள்ளேயே இருக்கும் முகவரிதான் பாதுகாப்பு.

ஐந்தாம் படி: நூலகத்தோடு இணையுங்கள்

நூலகத்தில் இல்லாத, கடையிலும் கிடைக்காத நூலைக் கட்டாயப் பட்டியலில் வைப்பது நம் பாடத்திட்டங்களின் நெடுநாள் வழக்கம். பத்து பதினைந்து பார்வை நூல்கள் அடுக்கினால் பட்டியல் கனமாகத் தெரியும் என்ற எண்ணம். கட்டாயம் என்று குறித்தால் நூலகத்தில் படி இருக்க வேண்டும், அல்லது சட்டப்படி இணையத்தில் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லையா, கொள்முதல் ஆகும்வரை விருப்பப் பட்டியலில் இருக்கட்டும்.

நூலகத்தில் கோஹா ஓடுகிறது என்றால் வேலை எளிது. நியூசிலாந்தின் ஒரு சிறிய ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்த இந்த இலவச மென்பொருளில் பாட ஒதுக்கீடு என்று ஒரு பகுதி உண்டு. தாளின் பெயர், ஆசிரியர், பருவம் ஆகியவற்றைப் பதிந்து, நூல்களின் பார்கோடைச் சேர்த்தால், பருவம் நடக்கும்வரை அந்தப் படிகளை ‘உள்ளே வைத்துப் படிக்க மட்டும்’ அல்லது ‘ஒரு நாள் கடன்’ என்று மாற்றி வைக்கும். பருவம் முடிந்து அதை முடக்கினால் பழைய விதிக்கே திரும்பிவிடும். நாற்பது மாணவருக்கு இரண்டு படி இருக்கும் இடத்தில் இது பெரிய உதவி. பல நூலகர்களுக்கு இந்த வசதி தெரியும், ஆசிரியர்கள் பட்டியல் கொடுக்காததால்தான் பயன்படுத்துவதில்லை. நூலகத்தில் சோல் மென்பொருள் இருந்தால் மூன்றாம் அட்டவணையிலிருந்து கட்டாய நூல்களை மட்டும் வடிகட்டி, படிகளின் எண்ணிக்கைக்கு ஒரு காலிப் பத்தி சேர்த்துக் கொடுங்கள். நூலகர் நிரப்பித் தருவார். அந்தப் பத்தியே அடுத்த கொள்முதல் பட்டியல்.

ஆறாம் படி: இணைய வளங்கள்

பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் முதலில் பார்க்க வேண்டியவை. முன்னதில் பழைய அச்சுப் பதிப்புகளின் ஸ்கேன், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் கிடைக்கும். பின்னது தேடக்கூடிய மின்னுரை. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். ஆங்கில ஆய்விதழ்களுக்கு, அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உண்டு. உதவி பெறும் கல்லூரிகள், கல்லூரிகளுக்கு மின்வளங்களைத் தரும் என்-லிஸ்ட் பக்கம் போகலாம்.

முகவரிகள் சாகும். அதனால் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் உள்ள கட்டுரைக்கு டிஓஐயை மட்டும் குறியுங்கள், பதிப்பாளர் தளத்தை மாற்றினாலும் அது வேலை செய்யும். டிஓஐ இல்லாத பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் பக்கத்தில் வையுங்கள். அதையும் முழுக்க நம்ப முடியாது, 2024 அக்டோபரில் நடந்த தாக்குதலில் அந்தத் தளமே பல நாள் முடங்கியது. அட்டவணையில் ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’ என்று ஒரு பத்தி இருக்கட்டும். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் ஒரு முறை எல்லா முகவரிகளையும் சொடுக்கிப் பார்த்தால் போதும்.

ஸ்கேன் செய்து ஏற்றலாமா? இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1942இல் மறைந்த சாமிநாதையரின் பதிப்புகளுக்குத் தடையில்லை. ஆனால் அதே நூலுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரை அவருடையது. உரிமை உள்ள நூல்களின் பகுதிகளைப் பொறுத்தவரை, தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கை அறிந்து வைத்திருப்பது நல்லது. கற்பிக்கும் தேவைக்காகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது. அது அச்சுத் தொகுப்பு பற்றிய வழக்கு. முழு நூலையும் எல்லோரும் பார்க்கும் இணையதளத்தில் போடுவதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. தேவையான இயலை மட்டும், அந்தத் தாளில் சேர்ந்த மாணவர்கள் கடவுச்சொல் போட்டுப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முழுப் புத்தகப் பிடிஎஃப் அனுப்பும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். பதிப்பாளருக்கு நட்டம் என்பது ஒருபுறம். எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் மாணவர்கள் மேற்கோள் காட்டுவது இன்னொருபுறம்.

ஏழாம் படி: மாணவர் பார்க்கும் பக்கமும் பிடிஎஃப்பும்

மூடிலில் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பகுதி வைத்து, கட்டாய வாசிப்பை மேலே போடுங்கள். நூலக அடுக்கு எண்ணையும் பாட்டெண்ணையும் சேர்த்து எழுதினால் மாணவர் நேரே போய் எடுப்பார். அடுத்த ஆண்டு புதிய பேட்சுக்கு ‘இறக்குமதி’ கொடுத்தால் அமைப்பு முழுதும் வந்துவிடும். கூகுள் கிளாஸ்ரூம்தான் இருக்கிறது என்றாலும் சரி, கோப்பை ஏற்றாமல் இணைப்பை மட்டும் கொடுங்கள்.

பிடிஎஃப்பை வேர்டின் மெயில் மெர்ஜ் வழியாகத் தாள் அட்டவணையிலிருந்து உருவாக்குங்கள். நூற்பட்டியலை சோட்டெரோ ஒரே அமுக்கில் தரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரெகுலேஷன், ஒப்புதல் தேதி, எந்த பேட்ச் முதல் என்ற வரி கட்டாயம். அச்சில் பிழை கண்டால் பிடிஎஃப்பைத் திருத்தக் கூடாது, அட்டவணையைத் திருத்தி மறுபடி எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஒரு முறை விட்டால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

எட்டாம் படி: ஆண்டுச் சுற்று

பாடத்திட்டக் குழு கூடுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு தாளுக்கும் பொறுப்பாசிரியர் தன் மாற்றங்களைத் தனி ஷீட்டில் பதியட்டும்: பழையது, புதியது, காரணம். குழுவின் முன் அந்த ஷீட்டை வைத்தால் விவாதம் எளிதாக முடியும். ஒப்புதல் கிடைத்த பிறகு ஒருவர் மட்டும் அதை மூல அட்டவணைக்கு மாற்ற வேண்டும். எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்தால் யார் எதை மாற்றினார் என்று தேடுவதிலேயே பருவம் போய்விடும். கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு எத்தனை தாள்கள் எப்போது திருத்தப்பட்டன என்று கேட்பார்கள். அட்டவணையில் எண்ணி எடுத்துக்கொடுத்துவிடலாம்.

எல்லாத் தாள்களையும் ஒரே விடுமுறையில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு பருவத்தின் தாள்களை மட்டும் முதலில் செய்யுங்கள், நூல் அதிகம் வரும் இலக்கணத் தாள்களிலிருந்து தொடங்கினால் பாதி நூல்கள் மற்ற தாள்களுக்கும் உதவும்.

அப்புறம், கூகுள் ஷீட்டும் சோட்டெரோ குழுவும் யார் கணக்கில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். கணினி தெரிந்த இளம் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில்தான் பெரும்பாலும் இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போனால் அட்டவணையும் அவரோடு போகும். துறையின் பெயரில் கல்லூரி மின்னஞ்சல் ஒன்று வாங்கி உரிமையை அதற்கு மாற்றுங்கள், கடவுச்சொல்லைத் துறைத் தலைவரிடமும் நூலகரிடமும் எழுதிக் கொடுங்கள், பருவத்துக்கு ஒரு முறை முழு அட்டவணையையும் இறக்கித் துறைக் கணினியில் ஒரு படி வையுங்கள்.